அத்தரும் கூலண்டும்

கிருஷ்ணகிரி
12 ஜூன் 2025, வியாழன்

மச்சான் அவர்களுக்கு மெஹ்னாஸ் எழுதுவது. ஸலாம்.

"அவர்களுக்கு" என்று போட்டிருப்பதிலேயே கோபம் தெரிந்திருக்கும். தெரியட்டும்.

நேற்று பச்சைக்குழந்தை வார்டு வாசலில் நின்று நிர்மலா சிஸ்டரைப் பார்த்துக் கத்தினீர்களே, அது உள்ளே அம்மாமார் அறையில் படுத்திருந்த எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. எனக்கு மட்டுமா? அறையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். "யாரோட வூட்டுக்காரருக்கா இவ்ளோ தொண்டை?" என்று பக்கத்துக் கட்டில் மாதேஸ்வரி கேட்டாள். நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். மூக்கண்டப்பள்ளிப் பள்ளிவாசலில் மைக் கெட்டுப்போகிற நாளில் உங்களைத்தானே பாங்கு சொல்ல நிறுத்துவார்கள்! அல்லாஹ் அந்தத் தொண்டையை அதற்குத்தான் கொடுத்தான். நர்ஸம்மாவோடு மல்லுக்கட்டக் கொடுக்கவில்லை.

உங்கள் மனசு எனக்குத் தெரியாமல் இல்லை. பிரசவத்துக்கென்று அம்மா வீட்டுக்கு வந்த என்னை, புள்ளை எட்டாம் மாதத்திலேயே அவசரப்படுத்திவிட்டாள். வலி எடுத்த நேரத்தில் உங்கள் போன் கம்பெனி கேட்டில் லாக்கருக்குள் கிடந்தது. நீங்கள் ஓசூரிலிருந்து வந்து சேர்வதற்குள் அவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். பிறந்த புள்ளையின் வலது காதில் அத்தா சொல்ல வேண்டிய பாங்கு சொல்லப்படாமலே நின்றுபோனது. அதைச் சொல்லத்தான் நேற்று குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பி வைத்து, பெருநாளுக்கு வாங்கிய அத்தரையும் பூசிக்கொண்டு வந்தீர்கள். சிஸ்டர் விட முடியாது என்றதும் என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கத்திவிட்டு நேராகப் போய் ஓசூர் பஸ் ஏறிவிட்டீர்கள். என்னை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

இந்த அறையில் போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். விட்டாலும் உங்களோடு போனில் பேசி என்ன ஆகப்போகிறது? "ம்", "சரி", "வைக்கட்டா". மூன்று வார்த்தைக்குமேல் உங்களிடமிருந்து வந்ததே கிடையாது. அதனால் எழுதுகிறேன். இரம் சாயங்காலம் எனக்குச் சாப்பாடு கொண்டுவருவாள். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஓசூர் போகிறவள், மூக்கண்டப்பள்ளி ஸ்டாப்பில் இதை உங்கள் கையில் கொடுப்பாள். பதில் எழுதினால் சாயங்காலம் அதே பஸ்ஸில் வாங்கிக்கொண்டு வருவாள். தங்கச்சி என்று ஒருத்தி இருப்பதில் இப்படியும் ஒரு லாபம்.

புள்ளை நன்றாக இருக்கிறாள். மூக்கில் டியூப் இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்.

மெஹ்னாஸ்

* * *

மூக்கண்டப்பள்ளி
13 ஜூன், வெள்ளி

மெஹ்னாஸ்,

கடிதம் கிடைத்தது. இரம் பஸ் ஜன்னல் வழியாக நீட்டினாள். பஸ்ஸில் இருந்த பெண்பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

எனக்கு எழுத வராது. வந்தவரை எழுதுகிறேன்.

அந்த சிஸ்டர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். முதலில் தொப்பியைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் விட முடியாது என்றார். அந்தப் பார்வை எனக்குப் புதுசு இல்லை. கல்யாணம் ஆன புதுசில் ஓசூரில் வாடகைக்கு வீடு தேடினோம். பெயரைக் கேட்கும்வரை வீடு காலியாக இருக்கும். கேட்டதும் சொந்தக்காரர் வருவதாக இருக்கும். எத்தனை வாசலில் திரும்பினோம் என்று உனக்கே தெரியும். நான் பெற்ற புள்ளையைப் பார்க்கவும் அதே வாசலில் நிற்க வேண்டும் என்றால் எனக்குத் தேவை இல்லை. அதனால்தான் குரல் ஏறியது.

அத்தர் எதற்கு என்றும் சொல்லிவிடுகிறேன். என் மேல் வருகிற கூலண்ட் வாசம் உனக்குப் பழகிவிட்டது. மெஷினில் இரும்பு கடையும்போது சூடு ஏறாமலிருக்க ஊற்றுகிற அந்த வெள்ளைத் தண்ணீர் எட்டு மணி நேரமும் மேலே தெறிக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. புள்ளை முதல் முதலாக என்னை முகரும்போது அந்த நாற்றம் அடிக்கக் கூடாது என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

நான் இனி அந்த வாசலுக்கு வரமாட்டேன். பாங்கை எங்கள் அத்தா சொல்லட்டும், இல்லை வேறு யாராவது சொல்லட்டும். புள்ளைக்குக் காதில் விழுந்தால் போதும்.

இன்று ஜும்ஆவில் துஆ கேட்டேன்.

பக்கத்து மெஷின் ஆனந்தராஜ், திருநெல்வேலிக்காரன், "ஏல, புள்ள பொறந்ததுக்கு லட்டு குடுப்பான்னு பாத்தா மூஞ்சிய இப்படி வச்சிருக்க?" என்றான். புள்ளை வீட்டுக்கு வரட்டும் என்றேன்.

கண் திறந்து பார்க்கிறாளா? எடை ஏறியதா?

சாஹில்

* * *

கிருஷ்ணகிரி
14 ஜூன், சனி

மச்சான்,

இந்தத் தடவை "அவர்களுக்கு" இல்லை பாருங்கள். எழுத வராது என்று சொல்லிவிட்டு ஒரு பக்கம் எழுதிவிட்டீர்கள். கல்யாணம் ஆனதிலிருந்து நீங்கள் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

கண் திறக்கிறாள். திறந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பிடிக்காத மாதிரி மூடிக்கொள்கிறாள். அப்படியே உங்கள் சாடை. மஞ்சள் காமாலைக்கு நீல விளக்குப் போட்டு, கண்ணுக்கு வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். நேற்று அவிழ்த்துவிட்டார்கள். எடை முதலில் இறங்கியது, நான் அழுதேன். இறங்கித்தான் ஏறும் என்று டாக்டரம்மா சொன்னார்கள். இன்று ஏறியிருக்கிறது. பால் டியூப்பில் போகிறது. கூடவே பாலாடையில் சொட்டுச் சொட்டாகவும் கொடுக்கிறோம். ஒரு சொட்டை நாக்கில் வைத்துக்கொண்டு அவள் யோசிப்பதைப் பார்க்க வேண்டுமே! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வருகிறது.

இப்போது அந்த வாசல் விஷயம். வீடு தேடி நீங்கள் நடந்தபோது நானும்தான் கூட நடந்தேன். அந்தப் பார்வை எனக்கும் தெரியும். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இது அது இல்லை. எனக்கு எப்படித் தெரியும் என்று கேளுங்கள்.

மாதேஸ்வரி தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரி. அவள் வீட்டுக்காரர் சென்னப்பண்ணன் முந்தாநாள் வந்தார். மனுஷன் கோயிலுக்குப் போய், நெற்றி நிறைய விபூதி, கழுத்து நிறைய சந்தனம், சட்டைப் பையில் கற்பூர வாசத்தோடு வந்து நின்றார். நிர்மலா சிஸ்டர் அவரையும் மேலிருந்து கீழே பார்த்தார். "உள்ள விட முடியாதுங்க, கழுவிட்டு வாங்க" என்றார். அவர் குழாயடிக்குப் போய்க் கழுவிவிட்டு வந்தார், உள்ளே விட்டார்கள். முதல் நாள் என் தலையிலிருந்த மல்லிகையை எடுக்கச் சொன்னதும் இதே சிஸ்டர்தான். நேற்று புதிதாக வந்த டாக்டர் பெண் சென்ட் அடித்துக்கொண்டு வந்தாள். அவளையும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்! "நீங்களே இப்படி வந்தா எப்படிங்க டாக்டர்?" என்று. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

புள்ளைகளின் நுரையீரல் இன்னும் முழுசாகப் பழுக்கவில்லையாம். நமக்கு மணக்கிற வாசனை அவர்களுக்கு மூச்சைப் பிடித்துக்கொள்ளுமாம். அத்தர், பவுடர், ஊதுவத்தி எதுவும் ஆகாது. சிஸ்டர் தொப்பியைப் பார்த்தாரோ இல்லையோ, மூக்கால் உங்கள் அத்தரைப் பார்த்துவிட்டார். பெருநாள் அத்தர் என்றால் சும்மாவா? வார்டு தாண்டி எனக்கே வந்தது.

இன்னொன்று. உங்கள் அத்தா நேற்று வந்தார்கள். "மருந்துக்கடை சல்மான் பாயைக் கூட்டியாரேன், கண்ணாடிக்கு வெளியில நின்னு சொல்லிடட்டும்மா" என்றார்கள். "இல்ல மாமா, அவ அத்தாதான் சொல்லணும்" என்றேன். மாமாவுக்கு மனசுக்குக் கஷ்டம்தான். ஏழாம் நாள் பெயர் வைப்பதும் தள்ளிப்போகிறதே என்று வேறு வருத்தம். ஆனாலும் என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்கள். யாராவது சொல்லட்டும் என்று இன்னொரு தடவை எழுதினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அவள் காதில் முதலில் விழுகிற பெரிய வார்த்தை உங்கள் குரலில்தான் விழ வேண்டும். அதுவரை அவளுக்குப் பெயரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். காத்திருப்பாள்.

இங்கே அம்மாமார் புள்ளையை வெறும் மார்பில் போட்டு, மேலே துணியைச் சுற்றி மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறோம். கங்காரு மாதிரி என்கிறார்கள். உடம்புச் சூட்டில் எடை ஏறுகிறது, மூச்சு சீராகிறது. அத்தாக்களும் அப்படி வைத்துக்கொள்ளலாமாம். "உங்க வூட்டுக்காரர வரச் சொல்லுங்கம்மா" என்று சிஸ்டரே சொன்னார். கத்திய ஆளைத்தான் வரச் சொல்கிறார்.

வாங்க மச்சான்.

மெஹ்னாஸ்

* * *

மூக்கண்டப்பள்ளி
15 ஜூன், ஞாயிறு

மெஹ்னாஸ்,

சென்னப்பண்ணன் கதையைப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். டாக்டரையே நிறுத்தினார் என்பதைப் படித்ததும் எனக்கு முகம் எரிந்தது. சிஸ்டரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

இன்று எனக்கு லீவு, இரம் கம்பெனிக்குத்தான் இல்லை. இந்த வாசத்தைப் போக்க முடியுமா என்று காலையிலிருந்து பார்த்தேன். சோப்பு வாசமும் ஆகாது என்று இரம் சொன்னாள். அதனால் கடலை மாவு தேய்த்தேன். பிறகு புளியைக் கரைத்துத் தேய்த்தேன். பிறகு எலுமிச்சம்பழம். கொல்லைக் குழாயடியில் நான் இப்படி நிற்பதைப் பார்த்துவிட்டு நம் வீட்டுக்காரம்மா கெம்பம்மா, "ஏனு சாஹிலு, உன் ஒடம்புக்கே ரசம் வெக்கறியா?" என்று கேட்டார். பெயர்கூடக் கேட்காமல் வீடு கொடுத்த அம்மா என்பதால் பொறுத்துக்கொண்டேன். கையை முகர்ந்து பார்க்கச் சொன்னேன். முகர்ந்துவிட்டு, "ரசமும் வருது, உன் கம்பெனியும் வருது" என்றார்.

நாளை மெஷினுக்குப் போனால் திரும்பவும் அதே வாசம்தான்.

இப்போது எழுதுவதை இரமிடம் படித்துக் காட்டாதே.

வாசம் மட்டும் இல்லை மெஹ்னாஸ். எனக்குப் பயமாக இருக்கிறது. இரம் பஸ் ஸ்டாப்பில் போனில் போட்டோ காட்டினாள். புள்ளையின் உள்ளங்கை என் கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கிறது. நான் இரும்பு பிடிக்கிற ஆள். கொஞ்சம் அழுத்திப் பிடித்தால்தான் பீஸ் மெஷினில் நிற்கும். அந்தப் பிடிதான் என் கைக்குத் தெரியும். இத்தனை சின்ன உயிரை எந்த அழுத்தத்தில் பிடிப்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அன்று வாசலில் கோபம் வந்தது நிஜம். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்ததும் உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் வந்தது. உள்ளே விடவில்லை, நான் அவளைத் தூக்க வேண்டியதில்லை என்று. அந்த நிம்மதியை நினைத்தால் எனக்கே என் மேல் வெறுப்பாக இருக்கிறது. உன்னை எட்டிப் பார்க்காமல் வந்ததும் அதனால்தான். நீ என் முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாய்.

அவள் கொஞ்சம் பெரிதாகட்டும். கை கால் தேறட்டும். அப்புறம் வருகிறேன். இதற்கும் திட்டி எழுதுவாய். எழுது.

சாஹில்

* * *

கிருஷ்ணகிரி
16 ஜூன், திங்கள் இரவு

மச்சான்,

திட்டி எழுதத்தான் நினைத்திருந்தேன். இப்போது அதற்குத் தெம்பு இல்லை.

மத்தியானம் எனக்குச் சளியும் காய்ச்சலும் வந்துவிட்டது. பயப்படாதீர்கள், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், சாதாரணக் காய்ச்சல்தான். ஆனால் என்னைப் புள்ளையிடமிருந்து பிரித்துக் கீழ்மாடியில் போட்டுவிட்டார்கள். காய்ச்சல் விட்டு, சளியும் நிற்கிற வரை அவள் பக்கம் போகக் கூடாது. பாலை மட்டும் பிழிந்து கிண்ணத்தில் கொடுத்தனுப்புகிறேன்.

மார்பில் போட்டுப் பழக்கிவிட்டோம். இப்போது வெறும் பெட்டியில் கிடக்கிறாள். மாதேஸ்வரி வந்து ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள்: "அக்கா, உன் கூசு தேடுதுக்கா. தலைய இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிட்டே இருக்குது." கூசு என்றால் அவர்கள் பேச்சில் கைக்குழந்தை. மாதேஸ்வரிக்குத் தன் புள்ளையே போதும். அவள் எப்படி இரண்டு பேரை வைத்துக்கொள்வாள்? அம்மாவுக்கும் இருமல், அவர்களையும் விடமாட்டார்கள். மாதேஸ்வரி போனதும் சுவரைப் பார்த்து அழுதேன்.

உங்களுக்குப் பயம் என்று எழுதியிருந்தீர்கள். முதல் நாள் அவளை என் மேல் வைத்தபோது நான் நடுங்கிய நடுக்கத்தில் கட்டிலே ஆடியது. எனக்கு மட்டும் யார் சொல்லித்தந்தார்கள்? நாம் அவளைப் பிடிக்க வேண்டியதில்லை மச்சான். துணி கட்டிவிடுவார்கள். அவள்தான் நம்மைப் பிடித்துக்கொள்கிறாள்.

இரம் போனில் சொல்லட்டுமா என்றாள். வேண்டாம், நீங்கள் "ம்" என்று சொல்லி வைத்துவிடுவீர்கள் என்றேன். இதைக் கையில் கொடுத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

அவளை வைத்துக்கொள்ள இப்போது நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள்.

மெஹ்னாஸ்

* * *

ஆஸ்பத்திரி, மேல்மாடி நடை
18 ஜூன், புதன்

மெஹ்னாஸ்,

நீ கீழே, நான் மேலே. ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறோம். உன் அறைக்குள் என்னை விடமாட்டார்கள், காய்ச்சல் என்னோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்துவிடுமாம். நேற்று ஜன்னலில் நீ கை அசைத்ததைப் பார்த்தேன். முகம் வாடித்தான் இருந்தது. கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடி. நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் எழுதச் சொல்லி இரம் சொன்னாள். எழுதுகிறேன்.

நேற்றுக் காலை ஸ்டாப்பில் உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். யூனிபார்ம் போட்டு ஷிப்டுக்குக் கிளம்பிய ஆள் நான். கேட்டில் ஆனந்தராஜிடம் சொன்னேன். "போல போல, ஒன் மெஷினயும் நான் பாத்துக்கிடுதேன்" என்று தள்ளிவிட்டான். வீட்டுக்குக்கூடப் போகவில்லை. எதிரே வந்த கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறிவிட்டேன். துவைத்த யூனிபார்ம்தான், ஆனாலும் அந்த வாசம் அதில் ஊறிப்போய்க் கிடக்கிறது. வழியெல்லாம் அதுதான் மனதில் ஓடியது.

வாசலில் நிர்மலா சிஸ்டர் நின்றார். என்னைப் பார்த்ததும், "இன்னைக்கு அத்தர் எங்கங்க?" என்றார்.

"இல்லீங்க சிஸ்டர்."

"இது என்ன வாசனை?"

"கம்பெனி வாசனைங்க."

அன்று கத்தியதற்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தேன். வாயைத் திறந்தேன். "அதெல்லாம் அப்பறம், புள்ள காத்துட்டு இருக்குது, சட்டையக் கழட்டி வெளிய வெச்சுட்டு குளிச்சுட்டு வாங்க" என்று ஆஸ்பத்திரி சோப்பைக் கையில் திணித்தார். குளித்துவிட்டு வந்தேன். முழங்கையை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி போகச் சொன்னார். மறுபடி குளித்தேன். இந்தத் தடவை தலையாட்டினார். "போதும். மிச்சம் இருக்கறது உங்க ஒடம்போட வாசனை. அது இருக்கட்டும், புள்ளைக்கு அதுதான் வேணும்."

நாற்காலியில் சாய வைத்து, வாய்க்கு மாஸ்க் கட்டி, அவளைக் கொண்டுவந்து என் நெஞ்சில் வைத்தார். மெஹ்னாஸ், அவளுக்கு எடையே இல்லை. சூடு மட்டும்தான் தெரிந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "போலீஸ் புடிச்ச மாதிரி உக்காந்திருக்காரு பாரு" என்று மாதேஸ்வரி சிரித்தாள். சிஸ்டர் என் கையைப் பிடித்து அவள் முதுகில் வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவள் என் நெஞ்சு முடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். நல்ல வலி! நீ சொன்னது சரி. அவள்தான் பிடிக்கிறாள்.

உடனே பாங்கு சொல்லிவிடலாம் என்று குனிந்தேன். அப்போதுதான் பார்த்தேன், இடது காது மேலே இருக்கிறது. வலது காது என் நெஞ்சோடு ஒட்டியிருக்கிறது. வலது காதில்தானே சொல்ல வேண்டும்? "சிஸ்டர், தலையக் கொஞ்சம் திருப்பி வைங்க" என்றேன். "தூங்கற புள்ளையத் திருப்பறதா? சும்மா இருங்க. பால் குடுக்கற நேரத்துல திருப்பலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மூக்கு அரித்தது, சொறியவில்லை. கால் மரத்துப்போனது. எனக்கு அவசரமே வரவில்லை. ஒன்பது நாளாக என்னை அரித்துக்கொண்டிருந்த விஷயம், கொஞ்சம் பொறு என்று புள்ளையே சொன்ன மாதிரி ஆகிவிட்டது. பெட்டியில் தலையைத் திருப்பித் திருப்பித் தேடியவள் அசையாமல் தூங்கினாள். அது போதும் என்று இருந்தது.

பால் கொடுத்து முடித்துத் தலையை மாற்றி வைத்தார்கள். வலது காது மேலே வந்தது. உனக்கே தெரியும், நான் பாங்கு சொன்னால் சிப்காட் வரைக்கும் கேட்கும். அங்கே மூச்சுக் காற்றிலேயே சொன்னேன். மாஸ்குக்கு வெளியே வந்ததா என்றுகூடத் தெரியவில்லை. நடுவில் நின்று, மறுபடி தொடர்ந்தேன். அவள் கண்ணைத் திறந்து என் தாடியைப் பார்த்தாள். உடனே மூடிக்கொள்ளவில்லை. முடிகிற வரை பார்த்தாள். அடுத்த பால் நேரத்தில் இடது காதில் சொல்ல வேண்டிய இகாமத்தையும் சொன்னேன்.

எல்லாம் முடிந்ததும் மாதேஸ்வரி, "அண்ணா, எங்க கூசுக்கும் ஓதி ஊதி வுடுங்கண்ணா. எங்க ஊருல பள்ளிவாசல் வாசல்ல நின்னு ஊதிகிட்டுதான் வருவோம்" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் சிஸ்டர் அங்கிருந்தே, "ஓதறது ஓதுங்க. இந்த வார்டுக்குள்ள யாரும் ஊதக் கூடாது!" என்று சத்தம் போட்டார். அப்படியே தூரத்தில் இருந்தபடி ஓதினேன். ஊதவில்லை.

வெளியே வரும்போது சிஸ்டரிடம், "அன்னைக்குக் கத்திட்டேன், மன்னிச்சிருங்க" என்றேன். "கத்தாத அப்பாவ இந்த வாசல்ல நான் பாத்ததே இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த புள்ளையைப் பார்க்கப் போனார்.

காய்ச்சல் விடட்டும். அவசரப்படாதே. இங்கே நான் இருக்கிறேன். நாளைக்கும் வைத்துக்கொள்வேன்.

சாஹில்

* * *

கிருஷ்ணகிரி
24 ஜூன், செவ்வாய்

என் மச்சானுக்கு,

முந்தாநாள் நீங்கள் ஓசூருக்கு பஸ் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே, மேலே போகலாம் என்று என்னிடம் சொல்லிவிட்டார்கள். காய்ச்சலும் சளியும் முழுசாக விட்டது. சந்தோஷமான சேதிகள் நிறைய இருக்கின்றன. எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை.

மூக்கு டியூப்பை எடுத்துவிட்டார்கள். இன்று காலை நேராக மார்பில் குடித்தாள். கொஞ்சம்தான் குடித்தாள், அதற்குள் களைத்து வாயைத் திறந்தபடியே தூங்கிவிட்டாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இப்படியே போனா ஞாயித்துக்கிழமை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்" என்றார்கள். ஞாயிறு என்றால் உங்களுக்கும் லீவு! ஆனந்தராஜண்ணனுக்கு லட்டு வாங்கி வைத்துவிடுங்கள். கெம்பம்மாவுக்கும்.

நீங்கள் இரமிடம் சொல்லிவிட்ட சுக்ரா என்கிற பெயரையே புள்ளைக்கு வைத்துவிடலாம். மாமாவுக்கும் சம்மதம். நேற்று வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "எம் புள்ளையோட தொண்டைக்கு இவ பயப்படலியாமே?" என்று கேட்டார்கள். அத்தனை பெருமை அவர்களுக்கு. மாதேஸ்வரி நாளை வீட்டுக்குப் போகிறாள். "நாங்க ஓசூர் வர்றப்போ ஊதி வுடணும், அண்ணன் பாக்கி வெச்சிருக்காரு" என்று உங்களிடம் சொல்லச் சொன்னாள்.

உங்கள் கடிதத்தைக் காய்ச்சலோடு படித்தேன், காய்ச்சல் விட்ட பிறகும் படித்தேன். வலது காது உங்கள் நெஞ்சில் ஒட்டியிருந்தது என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் மட்டும் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுகிறேன். பாங்குக்கு முன்னால் அவள் அவ்வளவு நேரம் உங்கள் நெஞ்சைக் கேட்டிருக்கிறாள். உங்களிடம் "ம்"முக்கு மேல் வராது என்று நான் எழுதியிருந்தேன். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. மேலே போனதும் என் கையில் கொடுத்தார்கள். இத்தனை நாள் பிரிந்திருந்தேனே, முதல் வேலையாகத் தலையை முகர்ந்தேன். பால் வாசம் இருந்தது. அதற்கடியில் கொஞ்சூண்டு, நன்றாக மூக்கை வைத்தால் மட்டும் தெரிகிற மாதிரி, கூலண்ட்! இத்தனை நாள் உங்கள் மேல் கிடந்து அவளும் கம்பெனி வாசம் அடிக்கிறாள். நான் சிரித்த சிரிப்பில் நிர்மலா சிஸ்டர் ஓடிவந்து, "என்னம்மா, என்ன வாசனை?" என்று சந்தேகமாகக் கேட்டார். "ஒண்ணும் இல்லீங்க சிஸ்டர். அவங்க அத்தா வாசனை" என்றேன். சிஸ்டரும் குனிந்து முகர்ந்துவிட்டு, அவள் போர்வையை இழுத்துவிட்டுப் போனார்.

என்னிடம் வந்த முதல் இரவு அவள் சரியாகத் தூங்கவில்லை மச்சான். தலையைத் திருப்பித் திருப்பித் தேடினாள். நீங்கள் இரமிடம் கொடுத்துவிட்டுப் போன பையில் உங்கள் பனியன் இருந்தது. மறுநாள் சிஸ்டரிடம் கேட்டு, சோப்பு வாசனை இல்லாமல் அலசிக் காயவைத்து, என் தோளில் போட்டுக்கொண்டேன். நீங்கள் அன்றைக்குப் புளியும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்துப் போகாதது, ஒரு அலசலிலா போய்விடும்? அதில் மூக்கை வைத்ததும் தூங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கூட்டிப்போக வருவீர்கள். வெள்ளைச் சட்டை போடுங்கள், தொப்பி வையுங்கள், எல்லாம் செய்யுங்கள். அத்தர் மட்டும் பூசாதீர்கள். புள்ளைக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போய்விடும்.

மெஹ்னாஸ்